துணைநாடி இரவில் அனுப்பும் செய்திக்கு யார் பதில் சொல்வது?

மட்டக்களப்பு நகரில் சொந்தமாக உளவளத்துணை நிலையம் நடத்தும் சகோதரி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆள் யாரென்று பிடிபடக்கூடியவற்றைத் தவிர்த்துச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாரத்துக்கு ஏறக்குறைய 28 அமர்வுகள். சனிக்கிழமைகளில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் மாறி மாறிப் போகிறார். இருந்த ஒரே உதவியாளரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார். குறிப்பெழுத மட்டும் வாரம் ஏழு மணித்தியாலம் போகிறது. கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்யும் பெறாமகன் (தங்கையின் மகன்) லீவில் வந்தபோது ஏஐ ஏஜன்ட் (தானாக வேலை செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்) ஒன்றைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார். அதற்கு நான்கு வேலைகள். வாட்ஸ்அப்பில் நேரம் கொடுத்து நினைவூட்டுவது, அமர்வை போனில் பதிவு செய்து குறிப்பாக எழுதித் தருவது, புதிதாக வருபவர்களின் முதல் செய்தியை வாசித்து அவசரம், சாதாரணம் என்று பிரிப்பது, இரவில் துணைநாடிகள் (உளவளத்துணை நாடி வருபவர்கள்) எழுதினால் இவர் பெயரிலேயே ஆறுதலாகப் பதில் சொல்வது.

இரண்டாம் வாரத்தில் இரவு 11.40க்கு ஒரு பெண் எழுதியிருக்கிறார்: "நாளைக்கு வரல்ல மிஸ். இனி வரத் தேவையுமில்ல. எல்லாத்துக்கும் நன்றி." ஏஜன்ட் உடனே, "சரி, உங்கள் பதிவுகள் நீக்கப்பட்டன. இனிய நாளாக அமையட்டும்" என்று பதில் அனுப்பி, அவருக்கு முன்கூட்டிக் கொடுத்திருந்த நான்கு அமர்வுகளையும் அழித்துவிட்டது. சகோதரி விடிய 7 மணிக்குத்தான் கண்டிருக்கிறார். கண்டவுடன் அழைத்துப் பேசினார். அந்தப் பெண் நலமாக இருக்கிறார், அடுத்த வாரம் வந்தும் போனார். ஆனால் இவருக்கு நித்திரை போய்விட்டது.

"பேரை எடுத்திட்டா அது தனிப்பட்ட தரவு இல்ல பெரியம்மா", "காசு கட்டின கணக்குத்தானே, பயமில்ல", "அந்தச் சட்டம் இன்னும் முழுசா வரல்ல", "படிவத்தில ஒரு வரி போட்டிருக்கு, காணும்" என்று பெறாமகன் தேற்றுகிறாராம். இது சட்டத்துக்குப் புறம்பா, பிழை நடந்தால் பொறுப்பு யாருக்கு, துணைநாடிகளிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பவை இவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 11.40 செய்தி. நீங்கள் காலையில் எடுத்த தொலைபேசி அழைப்புத்தான் அந்த இரவில் நடந்த ஒரே சரியான வேலை. எத்தனை மணிக்குக் கண்டீர்கள், எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன ஒழுங்கு செய்தீர்கள் என்று இன்றைக்கே திகதியிட்டு எழுதி வையுங்கள். ஏஜன்ட் என்ன செய்தது என்ற பதிவு மென்பொருளுக்குள் இருக்கும். அதையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அந்தப் பெண்ணிடம், "அன்றிரவு பதில் சொன்னது நானல்ல, ஒரு மென்பொருள்" என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று கடிதத்திலிருந்து விளங்குகிறது. அடுத்த அமர்வில் சொல்லுங்கள். நீங்கள்தான் அப்படிச் சுருக்கமாக வழியனுப்பி வைத்தீர்கள் என்ற எண்ணத்தோடு அவர் இருக்கக் கூடாது.

இனி ‘ஏஜன்ட்’ என்ற சொல்லுக்கு வருவோம். நம் பக்கத்தில் ஏஜன்ட் என்றால் கட்டாருக்கும் குவைத்துக்கும் ஆள் அனுப்புகிறவர். அந்த உவமை இங்கே ஒன்றும் தூரமில்லை. உங்களுக்காக ஒருவர் கையொப்பம் வைத்தால் அது உங்களைக் கட்டும். சாதாரண சாட்பொட் பேசுவதோடு நின்றுவிடும். ஏஜன்ட் வேலையைச் செய்து முடித்துவிடும், அனுப்பும், அழிக்கும், பதியும். எனவே அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று நான் கேட்க மாட்டேன். அதன் கையில் எந்தெந்தச் சாவி இருக்கிறது என்றுதான் கேட்பேன். பார்க்கும் சாவி, வரைவு எழுதும் சாவி, அனுப்பும் சாவி, அழிக்கும் சாவி என்று நான்கு. உங்கள் பெறாமகன் நான்கையும் ஒரே கொத்தாகக் கொடுத்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்கு முதல் நாளே அப்படிக் கொடுத்திருப்பீர்களா?

பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: உங்களுக்கு. மென்பொருள் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளல்ல. 2024 பெப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எயார் கனடா விமான நிறுவனம், தன் இணையதளச் சாட்பொட் பயணிக்குச் சொன்ன தவறான தகவலுக்குத் தான் பொறுப்பல்ல என்று வாதாடிப் பார்த்தது. தீர்ப்பாயம் அதை ஏற்காமல் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்கே ஒரு நீதிபதி வேறு மாதிரி யோசிப்பார் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஏஐ சேவையை விற்கும் கம்பனியின் நிபந்தனைகளில், மென்பொருள் தரும் பதிலைச் சரிபார்ப்பது உங்கள் கடமை என்றே அநேகமாக எழுதியிருக்கும். பெறாமகன் உங்களுக்கு வேலை செய்து கொடுத்தவர். அவர் கவனயீனமாக இருந்திருந்தால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கணக்கு. துணைநாடிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பெறாமகன் சொன்ன நான்கு சமாதானங்கள்

"சட்டம் முழுசா வரல்ல" என்பதில் பாதி உண்மை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இன் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது. அதன் பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வரவிருந்த நாள் 2025இல் தள்ளிப்போனது. எந்தப் பகுதி எப்போது தொடங்குகிறது என்பதை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்னும் நம் நாடு வெட்டவெளியாக இருக்கவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே விட்டு அவரது மானத்துக்குப் பங்கம் வந்தால், நம் நாட்டின் பொதுச்சட்டமான உரோமன் டச்சுச் சட்ட வழியில் நட்டஈடு கேட்க இடமுண்டு. புதிய சட்டம் உடல், உள நலத் தகவலை விசேட வகையில் வைக்கிறது. மீறலொன்றுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க இடம் வைத்தே அது நிறைவேறியது. இன்றைக்கு நீங்கள் சேர்க்கும் பதிவுகள் அன்றைக்கும் உங்கள் கையில்தான் இருக்கும்.

"பேரை எடுத்திட்டா சரி" என்பது கொழும்பில் ஒருவேளை எடுபடும். இங்கே எடுபடாது. ‘வாவிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், கணவர் சவூதியில், மூன்று பிள்ளைகள், மூத்த மகளுக்குக் காது கேளாது, தாய் பாடசாலையில் வேலை’ என்று எழுதிவிட்டுப் பெயரை மறைத்தால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரே ஆளைச் சொல்லிவிடுவார். வேறு விவரங்களைச் சேர்த்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தால் அது தனிப்பட்ட தரவுதான். பெயருக்குப் பதில் இலக்கம் போடுவது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அது ஒரு திரை மட்டும்.

"காசு கட்டின கணக்கு" என்பதைப் பொறுத்தவரை, கட்டணம் பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. கம்பனியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை ஐந்து. நாம் கொடுப்பதை வைத்து உங்கள் ஏஐ மாதிரியைப் பயிற்றுவிப்பீர்களா? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? (பயிற்றுவிப்பதில்லை என்று சொல்லும் சேவைகள் பலவும் முறைகேட்டைக் கண்காணிக்கவென்று 30 நாள் வரை வைத்திருப்பது வழக்கம்.) உங்கள் ஊழியர் எவராவது வாசிக்கலாமா? எந்த நாட்டில் இருக்கும்? அழிக்கச் சொன்னால் எத்தனை நாளில் அழியும்? இவற்றுக்கு விடை கிடைக்காத சேவைக்குள் அமர்வுத் தகவல் போகக் கூடாது.

பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்துக்கு நடந்தது உலகறிந்த கதை. ஏறக்குறைய 33,000 பேரின் சிகிச்சைக் குறிப்புகள் திருடப்பட்டு, 2020இல் நோயாளிகளுக்கே நேரடியாக மின்னஞ்சல் போனது: 200 யூரோ கட்டு, இல்லையேல் உன் குறிப்பை வெளியிடுவேன் என்று. அங்கே ஏஐ எதுவும் இருக்கவில்லை. சரியாகப் பூட்டாத ஒரு தரவுத்தளம், அதற்குள் சிகிச்சைக் குறிப்புகள், அவ்வளவுதான்.

நான்காவது, படிவத்தில் உள்ள வரி. அதைச் சம்மதம் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

நேரம் கொடுப்பதும் நினைவூட்டுவதும்

இதை ஏஜன்ட் செய்யலாம். ஆனால் இப்போது செய்கிற விதத்தில் அல்ல.

கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து இணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது உங்கள் வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனம்’ ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. துணைநாடிகளோடு பேசியது, உங்கள் மகளோடு பேசியது, கோயில் நிர்வாகத்தோடு பேசியது எல்லாம் அதன் கண்ணில் படும். வாட்ஸ்அப்பின் மறைகுறியாக்கம் ஒரு போனிலிருந்து மற்றப் போனுக்குப் போகும் வழியில்தான். உங்கள் பக்கத்தில் ஏஜன்ட் திறந்து வாசித்த பிறகு அந்தப் பாதுகாப்பு முடிந்துபோய்விட்டது. போதாக்குறைக்கு, இப்படி முறைசாராமல் இணைத்த இலக்கங்களை வாட்ஸ்அப் முடக்கிவிடுவதும் உண்டு. முடக்கினால் துணைநாடிகள் எல்லோருக்கும் உங்களோடு இருக்கும் தொடர்பு ஒரே நாளில் அறும். நிலையத்துக்கென்று தனி சிம், தனி போன், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். இதற்கு மேல் ஒன்றும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அந்தச் செயலியில் நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் செய்தியும், முன்கூட்டி எழுதி வைத்த பதில்களும், லேபல்களும் இலவசமாகவே இருக்கின்றன. உங்கள் தேவையில் பெரும்பகுதி இதிலேயே தீரும் என்பது என் எண்ணம். அதற்கும் மேலே ஏஜன்ட் வேண்டுமென்றால், உங்கள் பதிவுகளில் தனியான ஒரு கலண்டரைப் பார்க்கும் சாவியை மட்டும் அதற்குக் கொடுங்கள். அதில் பெயர் இருக்கக் கூடாது, ‘047, செவ்வாய் 4.30’ என்று இருந்தால் போதும். 047 யாரென்பது பூட்டிய அலுமாரிக்குள் ஒரு கொப்பியில் இருக்கட்டும். மூலக் கலண்டர் என்றைக்கும் உங்கள் கடதாசி டயறியாகவே இருக்கட்டும். மாரியில் மின்சாரமும் இணையமும் போகிற நாட்களில் அருமை தெரியும்.

ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பீர்கள். மாலையில் ஒரு கணவர் எழுதுகிறார்: "என்ட மனிசி இண்டைக்கு எத்தின மணிக்கு அங்க வாறா? ஏத்த வரோணும்." மனிதரான உதவியாளர் ஒரு கணம் தயங்குவார். ஏஜன்டுக்குத் தயக்கம் கிடையாது, உதவுவதற்கென்றே பழக்கப்பட்டது அது. "4.30க்கு" என்று சொன்னால், அடிக்குப் பயந்து ஒளித்து வந்த ஒரு பெண்ணின் கதி என்ன? ‘யார் வருகிறார்கள் என்று சொல்லாதே’ என்று ஏஜன்டுக்குக் கட்டளை எழுதி வைத்திருப்பதாக மகன் சொல்லலாம். எழுதிய கட்டளை பூட்டு ஆகாது. ஒருவர் சாமர்த்தியமாகக் கேட்டால், அல்லது அனுப்பும் கோப்புக்குள் ஒரு வரியைச் செருகி வைத்தால், ஏஜன்ட் அதையே புதிய கட்டளையாக எடுத்துக்கொண்டுவிடக்கூடும். அதன் கைக்கு எட்டாத தகவலை மட்டுமே அதனால் சொல்ல முடியாது.

நினைவூட்டலின் வாசகம் இன்னொரு பொறி. இங்கே பல பெண்களின் சிம் கணவர் பெயரில். பல வீடுகளில் ஒரு ஸ்மார்ட் போன், அது பிள்ளையின் கையில். ‘உளவளத்துணை நிலையத்தில் உங்கள் அமர்வு’ என்று திரையில் மின்னினால் மாமியாருக்கு விசயம் போய்விடும். "நாளை 4.30. வர முடியாவிட்டால் 2 என்று அனுப்பவும்" என்பதே போதும். கணக்கின் பெயரும் படமும்கூட எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த போனை வேறு யார் பார்ப்பார்கள்? எந்த நேரத்தில் செய்தி வந்தால் பயமில்லை? செய்தியே வேண்டாமா? வேண்டாம் என்பவருக்கு அடுத்த திகதி எழுதிய சிறு அட்டை கொடுங்கள்.

இன்னுமொன்று: வராதவருக்குத் தானாகக் கட்டணம் போடும் விதி இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். வெள்ளத்தில் பாதை மறிபட்ட நாளில் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து வர முடியாமற்போன ஒருவருக்கு அது பில் அனுப்பும். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடிக்காரருக்கு நேரம் கொடுக்கும். இவற்றையெல்லாம் அது தானாக அறியாது.

பதில் சொல்லும் விதிக்கு இப்போது வருகிறேன், 11.40க்கு நடந்தது இங்கேதான். இனி ‘சாகணும்’, ‘மருந்து குடிப்பன்’ போன்ற சொற்கள் வந்தால் உங்களுக்கு எச்சரிக்கை வரும்படி மகன் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் செய்தியைத் திரும்ப வாசியுங்கள். ஆபத்தான சொல் அதில் ஒன்றுமே இல்லை. நன்றி இருக்கிறது. ஆபத்தைத் தேடும் பட்டியல் எத்தனை நீளமாக இருந்தாலும் இப்படியொன்று நழுவும். ஆகவே விதியைத் தலைகீழாக வையுங்கள். திகதி, நேரம், இடம், கட்டணம் ஆகிய நான்கில் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்கும் செய்திக்கு ஏஜன்ட் பதில் சொல்லலாம். வேறு ஒரு சொல் கூடி வந்தாலும் அது பேசக் கூடாது, உங்களிடம் அனுப்ப வேண்டும். ‘வரல்ல’ என்று மட்டும் வந்தாலும் அடையாளமிட்டு வைக்கலாமே தவிர அழிக்கக் கூடாது. அழிக்கும் சாவி அதனிடம் இருக்கவே கூடாது.

அப்படி உங்களிடம் அனுப்பும்போது எழுதியவருக்குப் போகும் ஒரே பதில் இப்படி இருக்கலாம்: "இது தானாக வரும் செய்தி. உங்கள் செய்தியைக் காலை 8.30க்குள் நானே வாசிப்பேன். இப்போதே பேச வேண்டுமானால் 1926, எந்நேரமும் இலவசம். உயிருக்கு ஆபத்தென்றால் 1990." 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ். மற்றவர் கண்ணில் படக்கூடிய போனில் 1926ஐ எழுதலாமா என்ற தயக்கம் நியாயம். ஆனால் இது அவர் எழுதிய கையோடு போகிற பதில், போன் அநேகமாக அவர் கையிலேயே இருக்கும் நேரம். அந்த இடத்தில் இரகசியத்தைவிட உயிரின் பக்கமே நான் நிற்பேன். காலை 8.30 என்று எழுதினால் 8.30க்கு வாசிக்க வேண்டும். முடியாதென்றால் நேரத்தை மாற்றி எழுதுங்கள்.

அமர்வைப் பதிவு செய்வது

இதை நிறுத்துங்கள் என்பதே என் ஆலோசனை. இரகசியம் கசியும் என்பது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி நீதிமன்றத்தில் இருக்கிறது.

சட்டத்தரணியிடம் ஒருவர் சொல்வதற்கு 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச்சட்டம் காப்புக் கொடுக்கிறது. மருத்துவரிடம் சொல்வதற்கோ உளவளத்துணையாளரிடம் சொல்வதற்கோ அந்தக் காப்பு அதில் இல்லை. நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பினால் உங்கள் பதிவுகளைக் கொண்டுபோய் வைக்க வேண்டி வரும். ஒலிப்பதிவுகளையும் கணினிப் பதிவுகளையும் சான்றாக ஏற்க 1995 இன் 14ஆம் இலக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. விவாகரத்து, தாபரிப்பு, பிள்ளைப் பொறுப்பு, வீட்டு வன்முறை என்று உங்களிடம் வருபவர்களில் எத்தனை பேருக்கு வழக்கு இருக்கிறது, அல்லது வரப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் கையால் எழுதும் குறிப்பு அரைப் பக்கம். ஏஜன்ட் எழுதுவது ஐம்பது நிமிடப் பேச்சு, சொல்லுக்குச் சொல். கோபத்தில் ஒரு தாய் "சில நேரம் இந்தப் பிள்ளைய விட்டிட்டு எங்கயும் போயிருவமா எண்டிருக்கு" என்று சொன்னதை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து நின்று வாசிப்பார். நீங்கள் அதைக் கேட்டபோது அது களைப்பு. நீதிமன்றத்தில் அது பிள்ளையைக் கைவிடும் எண்ணம்.

அடுத்தது, சரியாக எழுதுமா என்ற விசயம். விஸ்பர் என்ற பேச்செழுத்து மென்பொருளைப் பற்றி 2024இல் வெளிவந்த ஆய்வொன்று, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு ஒலித்துண்டில் யாரும் சொல்லாத வசனங்களை அது தானாகக் கற்பனை செய்து எழுதியதைக் காட்டியது. பேச்சுக்கு நடுவே மௌனம் நீளும் இடங்களில் இது கூடியது. அது ஆங்கிலப் பேச்சில். உங்கள் அறையில் மௌனமும் அதிகம், தமிழும் நம் ஊர்த் தமிழ். "ஒரே யோசினையா இருக்கு" என்றால் இங்கே கவலை மண்டையை அரிக்கிறது என்று பொருள். சுருக்கி எழுதும் மென்பொருள் ‘அவர் ஆலோசித்து வருகிறார்’ என்று எழுதினால் யார் பிடிப்பது? ‘எனக்கு ஒண்ணா’ என்ற மறுப்பு ‘ஒன்றாக’ ஆகிவிடலாம். ‘பிரச்சினைக்குள்ள அண்ணன் காணாமப் போனவர்’ என்பதில் பிரச்சினை என்பது யுத்தம், குடும்பச் சண்டையல்ல. ‘கடல் அடிச்ச நேரம்’ என்பது 2004 டிசம்பர் 26. ‘இயக்கம்’ என்ற சொல்லை அது என்னவாக எழுதும் என்பது ஒரு கவலை. சரியாகவே எழுதி, வெளிநாட்டு சேர்வர் ஒன்றில் ஒருவருடைய பெயரோடு வைத்துவிடுமே என்பது அதைவிடப் பெரிய கவலை.

ஏழு மணித்தியாலம் போகிறதென்ற உங்கள் குறை உண்மையானது, அதற்கு வழியிருக்கிறது. துணைநாடி போனதும் கதவைச் சாத்திவிட்டு, நீங்களே மூன்று நிமிடம் உங்கள் மடிக்கணினியில் சொல்லுங்கள்: இலக்கம், திகதி, பேசிய விடயம் இரண்டு வரி, ஆபத்து உண்டா இல்லையா, நீங்கள் என்ன செய்தீர்கள், அடுத்தது என்ன. இணையத்துக்கு அனுப்பாமல் கணினிக்குள்ளேயே பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உண்டு, மேலே சொன்ன விஸ்பரையே அப்படி நிறுவலாம். இரண்டு நிமிடம் திருத்துங்கள், பிறகு ஒலியை அழியுங்கள். 28 அமர்வுக்கு ஐந்து நிமிடப்படி இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும். அது உங்கள் வாய்ச்சொல், உங்கள் தீர்ப்பு. கூண்டில் ஏறினாலும் "நான் எழுதியது" என்று சொல்லலாம்.

முதல் செய்தியைத் தரம் பிரிப்பது

வாரத்துக்கு நான்கைந்து பேர் புதிதாக எழுதுகிறார்கள் என்கிறீர்கள். ஐந்து செய்தியை வாசிக்க இயந்திரம் எதற்கு? மிக மோசமான நிலையில் இருப்பவர்தான் மிகக் குறைவாக எழுதுவார் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். தானியங்கியாகவே எடுத்த முடிவு ஒருவரைப் பாதித்தால், அதை ஒரு மனிதர் மீளப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கிறது. நீங்களே வாசியுங்கள்.

உங்கள் பெயரில் இரவுப் பதில்

இதற்கு இரண்டாவது எண்ணமே எனக்கில்லை. வேண்டாம். நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று நம்பி ஒருவர் மனதைத் திறக்கும்போது அங்கே நீங்கள் இல்லையென்றால், அது ஏமாற்று. இரவிலும் கவனிப்பு உண்டு என்ற எதிர்பார்ப்பை நீங்களே உண்டாக்கியதும் ஆகும். பிறகு ஏதும் நடந்தால் ‘அது வேலை நேரமல்ல’ என்று சொல்ல வாய் இருக்காது. அமெரிக்காவின் இலினோய் மாநிலம் 2025 ஓகஸ்ட்டில் கொண்டுவந்த சட்டம் கோட்டைத் தெளிவாகவே போட்டது: நேரம் பதிவது, கணக்கு வைப்பது போன்ற அலுவலக வேலைக்கு உரிமம் பெற்ற சிகிச்சையாளர் ஏஐயைப் பயன்படுத்தலாம், அமர்வைப் பதிவு செய்வதென்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும், சிகிச்சைப் பேச்சை ஏஐயிடம் விடக் கூடாது. நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் நம் நீதிமன்றத்தில் ‘நியாயமான உளவளத்துணையாளர் என்ன செய்திருப்பார்’ என்ற கேள்வி எழும் நாளில், இத்தகைய கோடுகளை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

துணைநாடிகளிடம் சொல்லத்தான் வேண்டுமா?

வேண்டும். ‘தொழில்நுட்ப உதவிகள் பயன்படுத்தப்படலாம்’ என்ற வரி சம்மதமாகாது. என்ன உதவி, எதற்கு, எங்கே போகிறது என்று தெரியாத ஒருவர் எதற்குச் சம்மதித்தார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "நேரம் கொடுக்கவும் நினைவூட்டவும் மட்டும் ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். உங்கள் பெயரும் நீங்கள் இங்கே பேசுவதும் அதற்குப் போகாது, ஆனால் நீங்கள் இந்த இலக்கத்துக்கு எழுதும் செய்தியை அது வாசிக்கும். அதனால் நேரம் பற்றி மட்டும் எழுதுங்கள். விருப்பமில்லையென்றால் தொலைபேசியில் அல்லது அட்டையில் நேரம் தருவேன். இப்போது ஓம் என்று சொன்னாலும் பிறகு வேண்டாம் என்று சொல்லலாம்." வாசிக்க ஏலாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்பாறைப் பக்கமிருந்து சிங்களத்தில் பேசுபவர் வந்தால் சிங்களப் பிரதியும் இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் கையொப்பத்தோடு பிள்ளையிடமும் தனியே கேளுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

இதுவரை 11 அமர்வுகள் பதிவாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். முதலில் அந்த 11 பேரில் எவருக்காவது நடக்கிற வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பதிவைத் தொடாமல் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் காட்டுங்கள். சான்றாகக்கூடியதை அழிப்பது வேறு வம்பு. மற்றவர்களிடம் அடுத்த அமர்வில் நேரடியாகச் சொல்லி, அழிக்கட்டுமா என்று கேட்டு, பதிலை எழுதி வையுங்கள். அழிப்பதென்றால் போன், மகனின் மடிக்கணினி, கூகுள் டிரைவ், அதன் குப்பைத்தொட்டி (அங்கே 30 நாள் கிடக்கும்), போனின் தானியங்கிப் பிரதி, ஏஐ சேவையின் சேமிப்பு என்று ஆறு இடம். ஒன்றை விட்டாலும் அழித்ததாகக் கணக்கில்லை.

வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். ஆனால் அதற்கு முன் நான் மேலே சொன்ன பதிவுப் பிரதியை எடுத்துவிடுங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், அந்த இரண்டாவது இலக்கம் மகனுடைய போனுக்கு வராமல் உங்கள் போனுக்கு வரட்டும்.

மகனோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று தோன்றும். தங்கச்சிக்கும் ஒரு மாதிரியாக இருக்கும். ஆனால் இன்றைக்கு உங்கள் துணைநாடிகளின் செய்திகளை உங்களைத் தவிரத் திறக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான், அவர் இருக்கும் இடமோ கொழும்பு. துணைநாடிகளின் தகவலைப் பார்க்கக் கூடாது, திருத்த வேலைக்கு உங்கள் முன்னிலையில் மட்டும் உள்ளே வரலாம், பிரதி வைத்திருக்கக் கூடாது, கசிவு தெரிந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். நான்கு வரி போதும். அவர் நல்ல பிள்ளை என்று கடிதம் முழுக்கத் தெரிகிறது. கையொப்பமிடச் சொன்னால் கோபிக்க மாட்டார்.

பின்னேரம் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு ஆளை எடுக்க முடியுமா என்றும் பாருங்கள். 28 அமர்வுள்ள நிலையத்துக்கு டயறி, தொலைபேசி, வாசலில் ஒரு முகம் மூன்றும் வேண்டும். மூன்றாவதை எந்த மென்பொருளும் தராது. அவரிடமும் இரகசியம் பேணும் உறுதி எழுதி வாங்குங்கள்.

வரும் சனிக்கிழமை கல்முனையில் உங்களுக்கு ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஜன்ட் ஏற்கெனவே நினைவூட்டல்களை வரிசையில் போட்டு வைத்திருக்கும். சாதனத்தை வெளியேற்றியதும் அவை போகாமல் நின்றுவிடும். அந்த ஆறு பேருக்கும் வெள்ளிக்கிழமை நீங்களே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.